வாடகை வீடும் அமானிதமும்

வாடகை வீட்டைப் பற்றி நம் மக்கள் பேசும் சொற்களைச் சற்றே கூர்ந்து கேட்டால் ஓர் உண்மை புலப்படும். மாதம் பிறந்ததும் வாடகை 'வசூல்' ஆகிறது. ஆகாதது 'பாக்கி' நிற்கிறது. கொடுத்ததற்கு 'ரசீது' கேட்கிறார்கள். ரசீது இல்லாதவிடத்துத் 'தகராறு' எழுகிறது. தகராறு முற்றினால் 'வக்கீல்' வருகிறார். வழக்கு முடிந்தபின் 'ஜப்தி'யும், அதனை நிறைவேற்ற 'அமீனா'வும் வருகின்றனர். இவற்றுள் ரசீது பாரசீகச் சொல். ஏனையவெல்லாம் அரபுச் சொற்களின் வழிவந்தவை. வந்துசேர்தல் என்னும் பொருளுடைய 'வுஸூல்' வசூலாயிற்று. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்னும் பொருளுடைய 'தக்ரார்' தகராறாயிற்று. கச்சேரிக் கணக்குகளின் வழியாகவும் நீதிமன்றங்களின் வழியாகவும் இச்சொற்கள் தமிழில் குடிபுகுந்தன.

இவற்றுள் நம் நெஞ்சைத் தொடுவது கடைசிச் சொல்லாகிய அமீனா என்பதே. 'அமீன்' என்றால் நம்பிக்கைக்குரியவர் என்று பொருள். நபித்துவம் அருளப்படுமுன்னரே மக்காவாசிகள் நம் நாயகம் (ஸல்) அவர்களை அப்பெயரால் அழைத்தனர் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அத்தகைய சொல், ஒரு குடும்பத்தின் பாத்திரம் பண்டங்களைத் தெருவில் இறக்கி வைக்க வரும் நீதிமன்றச் சிப்பந்தியின் பெயராக முடிந்தது எவ்வாறு? நம்பிக்கையில் தொடங்கும் ஓர் உறவு ஏன் இத்துணை எளிதாக நீதிமன்றப் படிக்கட்டில் போய் முடிகிறது? தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் முன்வைத்து இதனைச் சிறிது ஆராய்வோம். இப்பகுதியில் நமக்கும் ஒரு வீடு உண்டு. அவ்வீட்டினால் நாம் பட்ட வெட்கம் ஒன்றும் உண்டு. அதனையும் மறைக்காமல் உரிய இடத்தில் கூறுவோம்.

தாம்பரம் வாடகை ஊரான வரலாறு

நூறாண்டுகளுக்கு முன் தாம்பரம் ஏரிகளும் குன்றுகளும் பனைமரங்களும் சூழ்ந்த சிற்றூர். நல்ல காற்றுக்குப் பெயர்பெற்ற இவ்விடத்தில் 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோய் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். இன்றும் அங்குள்ள இரயில் நிலையம் 'சானடோரியம்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஒருவன் சைதாப்பேட்டையிலோ பாரிமுனையிலோ வேலை பார்த்துக்கொண்டு இங்கே குறைந்த வாடகையில் குடியிருக்கலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது.

பின்னர் விமானப்படை நிலையம், குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டை, பல்லாவரத்துத் தோல் பதனிடும் கூடங்கள் என்று ஒவ்வொன்றாக மக்களை ஈர்த்தன. 1964இல் தாம்பரம் நகராட்சியாயிற்று. 1984இல் ஏற்றுமதி வளாகம் இங்கே அமைந்தது. அதே ஆண்டில் வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் கிரசென்ட் பொறியியற் கல்லூரியை நிறுவினார். 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், கணினித் தொழிலில் சேர்ந்த இளைஞர்கள் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று வீடு தேடி வந்தனர். 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சியாக்கப்பட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் வெளியூர்ப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது.

இங்கே வீடு கட்டியவர் யார்? பெருஞ்செல்வர் சிலரே. பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இரயில்வே ஊழியர்கள், வளைகுடா நாடுகளில் இருபதாண்டு முப்பதாண்டு உழைத்த சபராளிகள். அரை மனையில் கீழே தாம் குடியிருந்து மேலே ஒரு போர்ஷன் கட்டி, அதன் வாடகையில் முதுமையைக் கழிக்கலாம் என்று எண்ணியவர்கள். சபராளிகளோ இதனினும் இக்கட்டான நிலையினர். வீடு தாம்பரத்தில், உரிமையாளர் தம்மாமிலோ ஷார்ஜாவிலோ இருப்பார். வாடகை வாங்கவும், மோட்டார் பழுதானால் பார்க்கவும், காலியானால் ஆள் வைக்கவும் இடையில் ஒருவர் தேவைப்பட்டார். உறவினரோ தரகரோ தெருவில் செல்வாக்குள்ள ஒருவரோ அவ்விடத்தில் அமர்ந்தார். வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்ற இருவருக்கிடையே மூன்றாம் மனிதர் தோன்றினார். நம் கட்டுரையின் முதன்மையான பாத்திரம் அம்மூன்றாம் மனிதரே.

போர் பெற்றெடுத்த சட்டம்

வாடகையைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் எண்ணம் போர்க்காலத்தில் பிறந்தது. 1915இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கப்பல், தளவாடத் தொழில்களுக்காகத் தொழிலாளர் திரண்டபோது வீட்டுரிமையாளர்கள் வாடகையை உயர்த்தினர். ஆடவர் பலர் போர்முனையில் இருக்க, மேரி பார்பர் போன்ற பெண்மணிகளின் தலைமையில் குடும்பப் பெண்கள் ஏற்றிய வாடகையைத் தர மறுத்தனர். வீட்டைக் காலி செய்விக்க வந்த சிப்பந்திகளைத் தெருப் பெண்களே திருப்பி அனுப்பினர். அவ்வாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்திய அளவில் நிறுத்திச் சட்டமியற்றியது. அதன் வழியில் 1918இல் பம்பாயிலும் 1920இல் கல்கத்தாவிலும் வாடகைச் சட்டங்கள் எழுந்தன.

சென்னை மாகாணத்தில் இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் அச்சத்தால் மக்கள் பெருந்திரளாகச் சென்னையை விட்டு வெளியேறியதும், வீடுகள் பூட்டிக் கிடந்ததும், அச்சம் தணிந்து திரும்பியபோது வீட்டுத் தட்டுப்பாடு வாட்டியதும் நம் முன்னோர் கண்ட காட்சிகள். போர் முடிந்தும் கட்டுப்பாடு நீங்கவில்லை. 1946இல் அது தனிச் சட்டமாயிற்று. 1949இல் திருத்தி எழுதப்பட்டது. 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டமாக நிலைபெற்று, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆண்டது.

அச்சட்டத்தின் அமைப்பை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று. இன்றும் பழைய வழக்குகளின் பேச்சில் அதன் சொற்களே வழங்குகின்றன. வீடு காலியானால் ஏழு நாட்களுக்குள் உரிய அதிகாரிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அரசு தன் ஊழியருக்கு அவ்வீட்டை ஒதுக்கலாம். 'நியாய வாடகை'யை அதிகாரி நிர்ணயிப்பார். 1973ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், கட்டிடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்குக் குடியிருப்புக்கு 9 விழுக்காடும், கடை முதலியவற்றிற்கு 12 விழுக்காடும் என்பது கணக்கு. வேண்டுமென்றே வாடகை தராமை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைப் பாழ்படுத்துதல், அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருதல், உரிமையாளருக்கே வீடு தேவைப்படுதல், இடித்துக் கட்டுதல் என்று எண்ணித் தந்த காரணங்களுள் ஒன்று இருந்தாலன்றி வெளியேற்ற இயலாது. குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்திக் குடியிருப்பவரைத் துரத்துவதும் தடுக்கப்பட்டிருந்தது.

'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல் எத்தனை குடும்பங்களின் விதியைத் தீர்மானித்தது! வாடகை பாக்கி நின்றாலே போதாது. அது அறிந்தும் துணிந்தும் செய்த தவறாக இருத்தல் வேண்டும் என்பதை, தமிழ்நாட்டிலிருந்து சென்ற சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இல் விரிவாக ஆராய்ந்தது. நோயுற்றதால் தராதவனும் நெஞ்சழுத்தத்தால் தராதவனும் ஒன்றல்லர் என்பது இதன் கருத்து. நம் ஷரீஅத்திலும், வசதியற்ற கடனாளிக்கு அவகாசம் தருதலும், வசதியிருந்தும் இழுத்தடிப்பவனை அநீதியாளன் எனக் கொள்ளுதலும் வெவ்வேறு நிலைகளாகவே பேசப்படுகின்றன.

அச்சட்டத்தில் மற்றொரு நுட்பமும் இருந்தது. வாடகை தந்தவர் ரசீது பெற உரிமை உடையவர். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், எந்த வங்கியில் கட்டலாம் என்று குடியிருப்பவர் எழுதிக் கேட்க வேண்டும். பதில் வராவிடில் மணியார்டர் அனுப்ப வேண்டும். அதுவும் திரும்பினால் அதிகாரியிடம் கட்டிவிட வேண்டும். திரும்பி வந்த மணியார்டர்க் காகிதங்களைக் குர்ஆன் ஷரீபுக்கு அடுத்த பத்திரத்துடன் பெட்டியில் வைத்திருந்த முதியவர்களை நாம் சிறுவயதில் கண்டதுண்டு. அக்காகிதமே அவர்களின் தலைக்கு மேலிருந்த கூரை.

கூரை காத்த சட்டமும் பகடிப் பணமும்

இச்சட்டம் எண்ணற்ற ஏழைக் குடும்பங்களைத் தெருவில் நிற்காமல் காத்தது என்பதை மறுப்பவர் நன்றி மறந்தவராவர். ஆயினும் அதன் மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். விலைவாசி ஏற, வாடகை ஏறாமல் நின்றது. பழுது பார்க்கும் செலவுக்கும் வாடகை போதாதவிடத்து வீடுகள் சரிந்தன. ஒருவரைக் குடிவைத்தால் மீட்பது அரிது என்றஞ்சிப் பலர் வீட்டைப் பூட்டி வைத்தனர். சென்னையின் பழைய கடைத்தெருக்களில் வாடகை சில நூறாக நிற்க, கடையை மற்றொருவருக்கு விட்டுக்கொடுக்க 'பகடி' என்ற பெயரில் இலட்சங்கள் கைமாறின. அப்பணத்துக்கு எழுத்தும் இல்லை, ரசீதும் இல்லை. 400 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்றிருந்த விதியை 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கிற்று. ஒரு காலத்தில் செல்வரின் வாடகையாக இருந்த தொகை, பின்னாளில் எளியவரின் வாடகையாகிவிட்டது என்பதை அது கருதியது.

பகடி என்பது சென்னைக்கோ பம்பாய்க்கோ மட்டும் உரிய புதுமை என்று எண்ண வேண்டா. நம் ஃபிக்ஹு நூல்களில் 'குலூ' என்ற பெயரில் இதே பொருள் பேசப்படுகிறது. கெய்ரோவை 1501 முதல் 1516 வரை ஆண்ட சுல்தான் கானிஸூஹ் அல்கவ்ரி கட்டிய கடைத்தெருவில், ஒவ்வொரு கடையிலும் வணிகர் தந்த குலூத் தொகை வக்ஃபு ஏட்டில் எழுதி வைக்கப்பட்டதை ஹனஃபி அறிஞர் இப்னு நுஜைம் தம் 'அல்அஷ்பாஹ் வந்நளாயிர்' நூலில் எடுத்துரைக்கிறார். மாலிக்கி மத்ஹபின் நாஸிருத்தீன் அல்லகானி அவர்கள் இப்பழக்கத்தை ஏற்று வழங்கிய ஃபத்வா புகழ்பெற்றது. மற்றும் பலர் அதனை மறுத்தனர். கருத்து வேறுபாடு நெடியது. நமக்கு வேண்டிய செய்தி ஒன்றே. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய கெய்ரோவில், கைமாறிய பணம் ஏட்டில் எழுதப்பட்டது. எழுதப்பட்டதால்தான் அது வழக்காடத்தக்க உரிமையாயிற்று. நம் கடைத்தெருவிலோ அது காதோடு காதாய்ப் போயிற்று.

வக்ஃபு வீடுகளும் முத்தவல்லியும்

வாடகை நின்றுபோனதால் பெரிதும் வாடியவற்றுள் அறநிலையங்கள் முதன்மையானவை. பள்ளிவாசலின் விளக்கெண்ணெய்க்கும் இமாமின் சம்பளத்துக்கும் மத்ரஸாப் பிள்ளைகளின் சோற்றுக்கும் என்று எழுதி வைத்த கடைகளின் வாடகை, அவ்விளக்குக்கே போதாத அளவில் நின்றது. கோயில்களின் நிலையும் தேவாலயங்களின் நிலையும் வேறன்று. ஆகவே 1976 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, இந்து, கிறித்தவ, முஸ்லிம் சமய அறக்கட்டளைகளின் கட்டிடங்களையும் பொது அறநிலையங்களின் கட்டிடங்களையும் வாடகைச் சட்டத்திலிருந்து விலக்கியது. கந்தசாமி செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கைச் செல்லுமென உறுதி செய்தது.

விலக்குக் கிடைத்ததும் வக்ஃபுகளெல்லாம் செழித்தனவா? சில செழித்தன. பலவிடங்களில் குறை குடியிருப்பவரிடத்தில் இருக்கவில்லை, மேலாண்மையில் இருந்தது. ஹனஃபி சட்ட அறிஞர்கள் இதனை முன்பே உணர்ந்து வேலி கட்டியிருந்தனர். வக்ஃபு வீட்டை ஓராண்டுக்கு மேலும், நிலத்தை மூன்றாண்டுக்கு மேலும், வக்ஃபு செய்தவரின் நிபந்தனையின்றி விடலாகாது என்றனர். நெடுங்காலம் ஒருவர் கையில் இருந்தால் அவரே உரிமையாளர் போல் தோன்றிவிடுவார் என்ற அச்சமே காரணம். சந்தையில் அதுபோன்ற இடத்துக்குள்ள வாடகையினும் கணிசமாகக் குறைத்து விட முத்தவல்லிக்கு அதிகாரம் இல்லை என்றும் விதித்தனர். 1995ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டமும் மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் செல்லாதென்றே தொடங்கியது. 2013ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை முப்பதாண்டு வரை நீட்ட இடந்தந்தது. வேலி சட்டத்தில் இருந்தும், மைத்துனருக்கும் மருமகனுக்கும் பழைய வாடகையில் கடையை நீட்டித்துத் தந்தவிடத்தில் விளக்கு மங்கலாகவே எரிந்தது. முத்தவல்லி என்பவர் பிறர் சொத்தைப் பிறருக்காகக் காப்பவர். தனியார் வீட்டை மேலாண்மை செய்யும் இடைமனிதரும் அவ்வாறே. அவரைப் பற்றி இனிக் கூறுவோம்.

நாம் பட்ட வெட்கம்

1960ஆம் ஆண்டின் சட்டம் இடைமனிதரை மறந்துவிடவில்லை. பிறருக்காக வாடகை வாங்குபவரையும் அது 'வீட்டுரிமையாளர்' என்ற சொல்லுக்குள் அடக்கிற்று. அதாவது அவரிடம் தந்தால் உரிமையாளரிடம் தந்ததாகும். அதே வேளையில், வெறும் முகவராக வாடகை வாங்குபவர், உரிமையாளரின் முன்னனுமதியை எழுத்தில் பெறாமல் குடியிருப்பவரை வெளியேற்ற மனுச் செய்ய இயலாது என்றும் தடுத்தது. வாங்கும் கைக்கு உரிமை தந்து, துரத்தும் கைக்குக் கடிவாளம் இட்ட ஏற்பாடு இது.

நம் வகாலத் பாடமும் இதனையே கூறுகிறது. வசூலிக்க நியமிக்கப்பட்ட வக்கீலின் கை, நியமித்தவரின் கையே. கடன்பட்டவர் அவரிடம் தந்துவிட்டால் அவர் பொறுப்பு நீங்கிவிடும். அதன்பின் வக்கீல் மோசம் செய்தால் இழப்பு நியமித்தவரைச் சாரும். 'குதூரி'யையும் 'ஹிதாயா'வையும் கையில் வைத்து இப்பாடத்தை ஆண்டுதோறும் ஓதிக் கொடுத்தவர்கள் நாம். ஆயினும் அது நம் வீட்டு வாசலுக்கு வந்தபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை.

சேலையூரை அடுத்து நம் தகப்பனார் வாங்கிய மனையில் சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டில் இரு போர்ஷன்கள். நாம் வெளியூர் மத்ரஸாவில் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தமையால், சபராளிகள் சிலரின் வீடுகளையும் பார்த்து வந்த ஒருவரிடம் வாடகை வாங்கும் பொறுப்பை ஒப்படைத்தோம். எழுத்து ஒன்றும் இல்லை. 'ஹஜ்ரத்துக்கு எதற்குக் காகிதம்? நான் இருக்கிறேன்' என்றார் அவர். நமக்கும் அது பெருமையாகவே இருந்தது. 2012ஆம் ஆண்டில் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தவர் ஏழு மாதமாக வாடகை தரவில்லை என்றும், கேட்டால் ஏசுகிறார் என்றும், 'ரொம்பத் தகராறான ஆள்' என்றும் தொலைபேசியில் சொன்னார். வாடகை மாதம் 6,000 ரூபாய். நாம் விசாரிக்கவில்லை. வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பினோம்.

அதற்கும் ஆள் மசியவில்லை என்ற செய்தி வந்தபின், கோபத்தோடு ஒருநாள் நாமே நேரில் சென்றோம். ஏற்றுமதித் தையற்கூடம் ஒன்றில் மேற்பார்வை பார்த்துவந்த அவர், நம்மைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர் ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தந்தார். பள்ளிப் பிள்ளையின் நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே 6,500 ரூபாய். ஒவ்வொரு தொகைக்கும் எதிரே நம் ஆளின் சுருக்கொப்பம். ஏழு மாதமும் தவறாமல் தந்திருந்தார். மாதம் ஐந்நூறு உயர்த்திய செய்தியே நமக்குத் தெரியாது. ரசீது கேட்டபோது, 'ஹஜ்ரத் மொத்தமாகத் தருவார்' என்று நம் பெயரைச் சொல்லியே மறுத்திருக்கிறார்.

'ஐயா, நீங்கள் ஒருமுறை நேரில் வந்திருந்தால் போதுமே' என்றார் அம்மனிதர். அவர் குரலில் கோபமில்லை. நமக்கு வாயடைத்தது. நோட்டீசைத் திரும்பப் பெறுவதாகவும், தொடர்ந்து இருக்குமாறும் வேண்டினோம். 'அந்தக் காகிதம் வந்த அன்று தெருவே பார்த்தது. என் பிள்ளை, அப்பா நாம் திருடினோமா என்று கேட்டான். இனி இங்கே இருக்க மனம் ஒப்பவில்லை' என்று சொல்லி, இரு மாதத்தில் காலி செய்து போனார். அட்வான்ஸ் 60,000 ரூபாயையும், கூடுதலாக வாங்கப்பட்டதையும், வெள்ளையடிக்க என்று வழக்கமாகப் பிடிக்கும் ஒரு மாத வாடகையைப் பிடிக்காமல், தந்து மன்னிப்புக் கேட்டோம். பணத்தைக் கணக்குப் பார்த்துத் தீர்க்க முடிந்தது. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நம்மிடம் இன்றும் விடை இல்லை. இடைமனிதரிடமிருந்து பாதித் தொகை தவணையாக வந்தது. மீதி வரவில்லை. எழுதி நியமிக்காத நாம் எதைக் காட்டிக் கேட்பது?

அடுத்து வந்தவர் வேறு வகை. ஐந்து மாதம் தராமல், நாளை நாளை என்று கடத்தினார். இம்முறை முத்திரைத் தாளில் ஒப்பந்தம் இருந்தது. மாதந்தோறும் ரசீதின் அடிக்கட்டை இருந்தது. தெருப் பெரியவர்கள் இருவர் முன்னிலையில் அவற்றை விரித்து வைத்தபோது, பேச்சு அரை மணியில் முடிந்தது. அட்வான்சில் கழித்துக்கொண்டு சாவியைத் தந்தார். நல்லவரைக் காக்கவும் பொல்லாதவரைத் தடுக்கவும் ஒரே காகிதம் போதியதாயிருந்தது.

புதிய சட்டம் கேட்பது

1960ஆம் ஆண்டின் சட்டம் இன்று இல்லை. 2017இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிலவுரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வாடகையை அதிகாரி நிர்ணயிப்பது நீங்கி, இருவரும் பேசி எழுதிக்கொள்ளும் தொகையே வாடகையாயிற்று. அதற்கு ஈடாகச் சட்டம் கேட்பது எழுத்து. ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் அது பதியப்பட வேண்டும். எழுதிக்கொள்ளத் தவறுவதே வீட்டைத் திரும்பப் பெறக் கோரும் காரணங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் உள்ளது. 'சொத்து மேலாளர்' என்று இடைமனிதரைப் பெயரிட்டு, ரசீது தந்து வாடகை வாங்குதல், பழுது பார்த்தல் முதலியவற்றை அவர் கடமைகளாகவும் எழுதியுள்ளது.

சூரத்துல் பகராவில் வரும், திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை நம் வாசகர்கள் அறிவர். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது அது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பாதீர் என்ற கருத்தையும் அது உள்ளடக்கியது. 2019இல் சட்டம் கேட்டதை நாம் ஓதிவரும் மறை எப்போதோ கேட்டுவிட்டது. ஆயினும் நம் தெருக்களில் இன்றும் வாய்ச்சொல்லே பெரிதும் வழங்குகிறது. 'நம்ம ஆளுக்கு எழுத்தா?' என்று கேட்பதை நாம் நம்பிக்கை என்று நினைத்துக்கொள்கிறோம்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது, கீழ்வீட்டில் வாழ முடியாமற் போன நாட்களுக்கு வாடகை உண்டா என்ற வினா வீட்டுக்கு வீடு எழுந்தது. இஜாராப் பாடத்தின்படி வாடகை என்பது பயனுக்கு விலை. பயன் அற்றபோது விலையும் அற்றுவிடும். வாடகை வீடு, குடியிருப்பவர் கையில் அமானிதம். அவர் வரம்பு மீறியோ அலட்சியத்தாலோ கெடுத்தாலன்றி, நாட்பட்டுத் தேய்ந்ததற்கு அவர் பொறுப்பில்லை. அட்வான்சைத் திருப்புகையில் ஆணித் துளைக்கும் சுவர்க் கறைக்கும் கணக்குப் பிடிக்கும் நம் வழக்கம் இப்பாடத்தோடு எவ்வளவு பொருந்தும் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்கட்டும். அவ்வாறே, வசதியிருந்தும் வாடகையை இழுத்தடித்து, ஓய்வுபெற்ற ஒரு முதியவரின் மருந்துச் செலவை நிறுத்துபவரும் தாம் இருக்கும் கூரையைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சபராளிக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விழைவது சிறிது. வீட்டை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். அதன் நகல் குடியிருப்பவரிடமும் இருக்கட்டும். வாடகை உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும். கையில் தந்தால் அன்றே ரசீது. விடுமுறையில் ஊர் வந்தால் வீட்டுக்கு ஒருமுறை போய், குடியிருப்பவரின் கையால் ஒரு தேநீர் அருந்தி வாருங்கள். அவரைப் பற்றிக் குறை கேட்டால், அவரிடம் கேட்குமுன் நோட்டீசில் கையெழுத்திடாதீர்கள். மத்யன் நகரத்துப் பெண்மணி மூஸா நபி (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தம் தந்தையிடம் கூறியபோது இரு தகுதிகளைச் சொன்னார்: ஆற்றலும் நம்பகத்தன்மையும். வாடகை வசூலிக்க ஆள் தேடும்போது நாம் முதலாவதை மட்டுமே பார்க்கிறோம். கறாராக வாங்கித் தருவாரா என்று கேட்கிறோம்.

அமீனா என்ற சொல்லை நம் மொழியிலிருந்து எடுத்துவிட முடியாது. நீதிமன்றங்கள் உள்ள வரை அச்சிப்பந்தியும் இருப்பார். அவர் எந்த வீட்டுப் படியிலும் ஏற வேண்டாதபடி, வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் இடையில் நிற்பவரும் அச்சொல்லின் பழைய பொருளுக்கு உரியவர்களாக வாழ வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.